ஜேம்ஸ் ஹார்னெல்

ஜேம்ஸ் ஹார்னெல் (1865 - 1949) ஒரு பிரித்தானியக் கடல்சார் விலங்கியலாளரும் படகுகள் பற்றிய ஆய்வாளரும் ஆவார். இலங்கையின் முத்துச் சலாபங்களை ஆராய வந்த இவர், பின்னர் சென்னை மாகாண அரசின் மீன்வளத் துறையில் சேர்ந்து அதன் இயக்குநராக உயர்ந்தார். சங்கு, முத்துச்சிப்பி, மீன்பிடி முறைகள் ஆகியவை பற்றி விரிவான அறிக்கைகள் எழுதினார். எனினும், கட்டுமரம், தைத்த படகு போன்ற கயிற்றால் கட்டப்பட்ட கலங்களைப் பற்றிய ஆய்வுகளுக்காகவே இவர் உலக அளவில் நினைவுகூரப்படுகிறார். விரல்களில் நூலை மாட்டி உருவங்கள் அமைக்கும் விளையாட்டைப் பல நாடுகளில் பதிவு செய்தவர்களுள்ளும் இவர் ஒருவர்.

தொடக்க காலம்

ஹார்னெல் இளமையில் கடல் உயிரினங்களில் ஆர்வம் கொண்டவராக இருந்தார். 1890களில் ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவில் ஜோசப் சினெல் என்பவருடன் இணைந்து ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். சிப்பிகள், புழுக்கள், மீன்கள் ஆகியவற்றின் வாழ்க்கையைக் கடற்கரையிலேயே இருந்து கவனிக்கும் பழக்கம் இங்கு உருவானது. ஆய்வகத்தைவிடக் கரையையும் கலத்தையும் நம்பும் இந்தப் போக்கு இவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

முத்தும் சங்கும்

இலங்கையில் முத்துக்குளிப்பு பல ஆண்டுகள் பொய்த்துப் போன நிலையில், அதன் காரணத்தை அறிய விரும்பிய அரசு, லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மனை 1902 ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவுக்கு அழைத்தது. அவருக்கு உதவியாளராக ஹார்னெல் வந்தார். ஹெர்ட்மன் நாடு திரும்பிய பின்னரும் ஹார்னெல் இலங்கையில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இவர்களுடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ராயல் சொசைட்டியால் ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்டது. சிப்பிக்குள் புகும் ஒட்டுண்ணிப் புழுவின் இளம் பருவமே முத்து உருவாகக் காரணம் என்னும் கருத்து இதில் முன்வைக்கப்பட்டது. எல்லா முத்துகளுக்கும் அது பொருந்தாது என்பது பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று.

மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையிலுள்ள முத்துக்குளிப்பைப் பற்றியும் ஹார்னெல் எழுதினார். முத்துக் குளிப்பவர் கல் ஒன்றில் காலை ஊன்றிக் கடலடிக்கு இறங்குவார். கல்லுக்கு ஒரு கயிறும் சிப்பி சேர்க்கும் கூடைக்கு ஒரு கயிறும் உண்டு. இரண்டின் மறுமுனையும் படகில் நிற்பவரின் கையில் இருக்கும். கயிற்றில் வரும் அசைவே இருவருக்கும் இடையிலான மொழி. இந்தக் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு குளிப்பவரின் மைத்துனருக்கே உரியது என்றும், தன் உடன்பிறந்தாளின் தாலியை நினைத்து அவர் கயிற்றை நழுவவிட மாட்டார் என்றும் முத்துக்குளித்துறையில் சொல்லப்படுவதுண்டு. சலாபக் காலத்தில் மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவராகக் கருதப்பட்ட கடல்கட்டி என்பவருக்கும் சிப்பியில் பங்கு தரப்பட்டது. கயிற்றால் கட்டுவதும் சொல்லால் கட்டுவதும் ஒரே வினைச்சொல்லால் வழங்கப்பட்டமை கருதத்தக்கது.

1914 ஆம் ஆண்டில் இந்தியச் சங்கைப் பற்றி இவர் எழுதிய நூல் வெளிவந்தது. சங்கின் உயிரியல், குளிப்போரின் வாழ்க்கை, வங்காளத்தில் சங்கு வளையல் அறுக்கும் தொழில், சமயச் சடங்குகளில் சங்கின் இடம் ஆகியவை அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கையில் வளையலுக்காக அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்து, சங்கத் தமிழ் நூல்கள் கூறும் சங்கு அறுப்போரின் தொழில் அங்கு நிகழ்ந்தது என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டினார்.

சென்னை மாகாண மீன்வளத் துறையில்

1907 ஆம் ஆண்டில் சர் பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு தொடங்கப்பட்டது. விரைவில் ஹார்னெல் அதில் சேர்ந்தார். பழவேற்காட்டு ஏரியில் உண்ணும் சிப்பியை வளர்க்கும் முயற்சியில் ஈடுபட்டார். பரோடா அரசின் வேண்டுகோளின்படி கத்தியவாரின் ஓகா மண்டலக் கரையையும் ஆராய்ந்தார். பின்னர் துறையின் இயக்குநரானார். 1920களில் எம். ராமசாமி நாயுடுவுடன் இணைந்து மத்தி மீனின் வாழ்க்கை வரலாற்றைப் பற்றி எழுதிய கட்டுரை, அம்மீனைப் பற்றிய தொடக்க கால ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது.

அலுவல் காரணமாக இவர் கரையோரமாகப் பல முறை பயணம் செய்தார். கிழக்குக் கரையின் பட்டினவர், பரதவர், மேற்குக் கரையின் முக்குவர் முதலிய மீனவர்களின் வலைகளையும் கலங்களையும் அளந்து வரைந்து கொண்டார். ஒரு கரையின் கலம் அடுத்த கரையின் கலத்திலிருந்து ஏன் வேறுபடுகிறது என்னும் வினா இப்பயணங்களில் இவருக்கு எழுந்தது.

கட்டுமரம்

சோழமண்டலக் கரையில் அலை கரைக்கு அருகிலேயே உயர்ந்து உடைகிறது. இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. இத்தகைய கரைக்கு ஏற்றதாகக் கட்டுமரம் உருவானது. எடை குறைந்த மரத் துண்டுகள் செதுக்கப்பட்டு அடுத்தடுத்து வைக்கப்படும். நடுவிலுள்ளவை தாழ்ந்தும் ஓரத்திலுள்ளவை சற்று உயர்ந்தும் இருக்கும். முன் முனை குறுகி மேல்நோக்கி வளைந்திருக்கும். முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டப்படுவதைத் தவிர இவற்றைப் பிணைக்க வேறெதுவும் இல்லை. நீர் உள்ளே புகுந்து மூழ்குவதற்கு இதில் உட்புறமே கிடையாது. புகும் நீர் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து சென்று வெயிலில் உலர்த்துவர். மறுநாள் மீண்டும் கட்டுவர். ஆகவே கட்டுமரம் என்பது ஒரு முறை செய்து முடிக்கப்படும் பொருளன்று. கட்டத் தெரிந்தவர் கையில் ஒவ்வொரு நாளும் புதிதாக உருவாவது.

ஹார்னெல் கட்டுமரங்கள் எல்லாம் ஒன்றே என்னும் எண்ணத்தை மாற்றினார். சோழமண்டலக் கரையில் வழங்கும் படகு வடிவக் கட்டுமரம், அதற்குத் தெற்கே வழங்கும் தெப்ப வடிவக் கட்டுமரம், ஆந்திரக் கரையில் மர ஆணிகளையும் துணையாகக் கொண்டு இணைக்கப்படும் வகை என அவற்றைப் பிரித்தார். கோலா மீன் பிடிக்கச் செல்லும் பெரிய கட்டுமரத்தைத் தனியாக விளக்கினார். முட்டையிட இடம் தேடும் கோலா மீன்களைக் கவர, மீனவர்கள் தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிடும் முறையையும் பதிவு செய்தார்.

கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடற் பயண நூல், இக்கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்யப்பட்ட சங்கரா என்னும் பெரிய கலங்களைக் குறிப்பிடுகிறது. சங்க இலக்கியம் கூறும் திமில் என்பதற்குக் கட்டுமரம் என்றே பொருள் கொள்வோர் உளர். இவற்றால் இக்கட்டும் முறையின் தொன்மை விளங்கும்.

கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் ஐரோப்பிய மொழிகளில் புகுந்த வரலாறும் சுவையானது. 1697 ஆம் ஆண்டில் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் இச்சொல் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பல்களுக்குக் கடிதங்களை எடுத்துச் சென்ற கட்டுமரக்காரர்கள் அவற்றை நனையாதபடி தலையில் அணிந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்திருந்தனர். இக்காட்சியை அன்றைய பயணிகள் பலர் எழுதியுள்ளனர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கரான நத்தானியல் ஹெர்ரெஷாப் இரண்டு உடற்பகுதிகளை இணைத்து 1876 இல் பந்தயப் படகு ஒன்றைக் கட்டினார். அதன் பின்னர் இத்தகைய இரட்டை உடல் படகுகளுக்குக் கட்டுமரம் என்ற பெயரே ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது. இப்படகுகளுக்கு முன்னோடி பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணியே தவிரத் தமிழரின் கட்டுமரம் அன்று. பெயர் உலகெங்கும் பரவியது. அப்பெயரின் முதற் பாதியான கட்டு மட்டும் பொருளிழந்து போயிற்று. இரண்டு வகைக் கலங்களையும் நேரில் கண்டு தனித்தனியே விளக்கிய ஹார்னெலின் நூல்கள், இவ்வேறுபாட்டை அறிய இன்றும் துணை செய்கின்றன.

தைத்த படகு

கட்டுமரத்துக்கு அடுத்தபடியாக ஹார்னெலின் கவனத்தை ஈர்த்தது மசூலா எனப்பட்ட தைத்த படகு ஆகும். பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இணைப்பின் மேல் வைக்கோல் அல்லது தேங்காய் நார்த் திரணையை வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் துளைகளின் வழியே இறுக்கித் தைப்பர். நனைந்த திரணை பருத்து இணைப்பை அடைத்துக்கொள்ளும். இப்படகுக்கு உள்விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் இல்லை. ஆணியால் அடிக்கப்பட்ட படகு அலையால் தூக்கி மணலில் எறியப்படும்போது இணைப்பு தெறித்து உடையும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். நீர் கசிவதால் இடைவிடாது இறைக்க வேண்டியிருந்தது என்பது இதன் குறை. சென்னைத் துறைமுகம் கட்டி முடிக்கப்படும் வரை, ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பயணிகளும் சரக்கும் இப்படகுகளிலேயே கரைக்கு வந்தனர். பின்னர் இவை கரைவலை இழுக்கும் மீனவர்களிடம் எஞ்சின.

தைத்த கலங்கள் இந்தியப் பெருங்கடல் முழுவதும் வழங்கின. மாலத்தீவின் தேங்காய் நார்க் கயிறு இந்தியாவிலும் ஏமனிலும் கப்பல் தைக்கப் பயன்பட்டதை 14 ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா குறிப்பிட்டுள்ளார். தென்னிந்தியாவின் கயிறு என்னும் சொல், மலையாளத்தின் வழியாகத் தேங்காய் நாரைக் குறிக்கும் சொல்லாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. இக்கடலில் இரும்பாணி ஏன் பயன்படவில்லை என்பதற்கு ஒரு கதையும் நெடுங்காலம் வழங்கியது. கடலடியில் காந்தப் பாறைகள் உள்ளன என்றும், அவை ஆணிகளைப் பிடுங்கிக் கப்பலைச் சிதைத்துவிடும் என்றும் மாலுமிகள் கூறினர். 6 ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இக்கதையைக் குறிப்பிட்டு மறுத்தார். போஜ மன்னரின் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடமொழி நூலோ அதை ஏற்று, கடற் கலங்களுக்கு இரும்புப் பிணைப்பு கூடாது என்கிறது. அலைமிகு கரையில் வளைந்து கொடுக்கும் கலமே பிழைக்கும் என்னும் பட்டறிவை ஒரு கதை இவ்வாறு தன் வழியில் காத்து வந்தது எனலாம்.

படகுகளின் தோற்றம் பற்றிய கோட்பாடு

இந்தியப் படகுகளின் தோற்றத்தையும் அவற்றின் இனவியல் முக்கியத்துவத்தையும் பற்றி ஹார்னெல் எழுதிய நீண்ட ஆய்வு, 1920 ஆம் ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தால் வெளியிடப்பட்டது. தென் தமிழகத்திலும் இலங்கையிலும் படகின் பக்கத்தில் மிதவைக் கட்டை கட்டும் வழக்கம் உண்டு. இதே அமைப்பு இந்தோனேசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் காணப்படுகிறது. இதிலிருந்து, பழங்காலத்தில் பொலினீசியரோடு தொடர்புடைய மக்கள் தென்னிந்தியக் கரைக்கு வந்து குடியேறினர் என்றும், கரையோரச் சமூகங்கள் சிலவற்றில் அவர்களின் கலப்பு உள்ளது என்றும் இவர் முடிவு செய்தார்.

இக்கோட்பாட்டின் இரண்டு பகுதிகளும் காலப்போக்கில் வெவ்வேறு நிலையை அடைந்தன. தென்கிழக்காசியக் கடலோடிகள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து மடகாஸ்கர் வரை சென்று குடியேறியது இன்று ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டுள்ளது. தென்னிந்திய, இலங்கைக் கரைகளின் மிதவைக் கட்டைகளை அவர்களுடைய தொடர்போடு இணைத்துப் பார்ப்பதும் பொதுவாக வழக்கில் உள்ளது. ஆனால் படகின் வடிவத்தையும் மக்களின் உடலமைப்பையும் கொண்டு ஒரு சமூகத்தின் பிறப்பிடத்தை முடிவு செய்யும் முறை கைவிடப்பட்டது. ஒரு தொழில்நுட்பம் கைமாறுவதற்கு மக்கள் இடம்பெயர வேண்டியதில்லை என்பதே இதற்குக் காரணம். மேலும், கரையோர மக்களை இனப் பிரிவுகளாக வகைப்படுத்திய அக்கால ஆய்வுப் போக்கு ஹார்னெலின் எழுத்திலும் படிந்துள்ளது.

பசிபிக் பயணமும் நூல் உருவங்களும்

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஹார்னெல், 1924 - 1925 ஆண்டுகளில் செயிண்ட் ஜார்ஜ் என்னும் கப்பலில் பசிபிக் பெருங்கடலுக்குச் சென்ற அறிவியல் குழுவில் இனவியலாளராக இடம்பெற்றார். மக்களின் தோணிகளோடு அவர்கள் கையிலிருந்த நூலையும் இவர் கவனித்தார்.

இரு முனையும் முடியப்பட்ட நூலை இரு கை விரல்களிலும் மாட்டி, எடுத்தும் விடுத்தும் மீன், வலை, தோணி, விண்மீன் முதலிய உருவங்களை அமைப்பது உலகின் பல பகுதிகளில் வழங்கும் விளையாட்டாகும். பல இடங்களில் உருவம் மாறும்போதே பாடலோ கதையோ சொல்லப்படும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இக்கலையைத் தங்கள் புராண வீரன் மாவியோடு தொடர்புபடுத்துவர். இவ்வுருவங்களைப் படிப்படியாக எழுத்தில் பதிவு செய்யும் முறையை ஏ. சி. ஹாட்டனும் டபிள்யூ. எச். ஆர். ரிவர்சும் 1902 இல் வகுத்தனர். இவர்களுள் ரிவர்ஸ் நீலகிரியின் தோடர்களைப் பற்றி நூல் எழுதியவர்.

ஹார்னெல் இம்முறையைப் பின்பற்றி, பிஜியிலும் மேற்குப் பொலினீசியாவிலும் வழங்கிய நூல் உருவங்களைப் பற்றி 1927 இல் ஒரு நூல் வெளியிட்டார். குஜராத், கத்தியவார் பகுதிகளின் நூல் உருவங்களைப் பற்றிய இவருடைய கட்டுரை 1932 இல் வெளிவந்தது. இந்தியக் குழந்தைகளின் இவ்விளையாட்டைக் குறித்த தொடக்க காலப் பதிவுகளுள் அதுவும் ஒன்று. படகுக் கட்டும் நூல் உருவமும் ஒரே தன்மையுடையவை. அவிழ்த்தவுடன் அவற்றின் வடிவம் மறைந்து, வெறும் கயிறோ நூலோதான் எஞ்சும். எப்படிக் கட்டுவது என்பதைச் செய்பவரிடமிருந்தே கற்க முடியும்.

நூலும் சொல்லும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது பல பண்பாடுகளில் காணப்படுவதே. கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் காருக் மக்கள் ஒருவகைச் செடியின் இலை நாரைத் திரித்து வலை பின்னினர். சிப்பிக் காசுகளைக் கோத்து வரும் ஆசையில் ஓநாயை ஒத்த கொயோட்டி கயிறு திரித்துக்கொண்டு நெடும்பயணம் புறப்படுவது அவர்களுடைய பழங்கதைகளுள் ஒன்று. தமிழிலோ திரித்த இழைக்கும் எழுதிய ஏட்டுக்கும் நூல் என்ற ஒரே சொல் வழங்குகிறது. பஞ்சைத் திரித்து இழையாக்குவதைப் போலச் சொற்களைத் திரித்து நூலாக்குவதாக நன்னூல் இதற்கு விளக்கம் தருகிறது.

பிற்காலம்

இங்கிலாந்து திரும்பிய ஹார்னெல் தொடர்ந்து எழுதினார். ஹாட்டனுடன் இணைந்து எழுதிய பசிபிக் தீவுகளின் தோணிகள் பற்றிய நூல், ஹவாயிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தால் 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகளாக வெளியிடப்பட்டது. பொலினீசியா, பிஜி, மைக்ரோனீசியா ஆகியவற்றைப் பற்றிய முதல் தொகுதி முழுவதும் இவர் எழுதியதாகும். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வழங்கிய தோற்படகுகளைப் பற்றிய நூலை 1938 இல் வெளியிட்டார். தமிழ்நாட்டின் பரிசல்களை அறிந்திருந்தமை இவ்வொப்பீட்டுக்கு இவருக்கு உதவியது. நீர்ப் போக்குவரத்தின் தோற்றத்தையும் தொடக்க வளர்ச்சியையும் பற்றிய இவருடைய பெருநூல் 1946 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. மிதவை, தெப்பம், தோற்படகு, மரத்தோணி, தைத்த படகு என உலகின் கலங்கள் அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும் நூல் இது. 1949 ஆம் ஆண்டில் ஹார்னெல் காலமானார். பல நாடுகளின் மீன்பிடி முறைகளைப் பற்றிய இவருடைய கடைசி நூல் மறைவுக்குப் பின்னர் 1950 இல் வெளிவந்தது.

இன்றைய நிலை

ஹார்னெல் விளக்கிய சோழமண்டலக் கரையின் ஒரு பகுதி இன்று சென்னைப் பெருநகரின் தென்பகுதியாக விளங்குகிறது. தாம்பரம், பல்லாவரம் ஆகிய புறநகர்களுக்குக் கிழக்கே, திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், கானத்தூர் வழியாகக் கோவளம் வரை மீனவர் குப்பங்கள் தொடர்கின்றன. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சணல், பருத்தி வலைகளின் இடத்தை நைலான் வலைகள் பிடித்தன. கயிறும் நைலான் ஆயிற்று. தைத்த மசூலாப் படகுகள் பெரும்பாலும் மறைந்தன. 1980களில் கண்ணாடியிழைப் படகுகள் பரவத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் ஆயிரக்கணக்கான கட்டுமரங்கள் அழிந்தன. நிவாரணமாக வழங்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகளே. எந்திரம் பொருத்திய இப்படகு தொலைவும் விரைவும் தருவதால் மீனவர்கள் அதை விரும்பி ஏற்றனர். கட்டுமரம் கட்டத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை அதனால் குறைந்து வருகிறது.

மரக் கலங்கள் மட்கிப் போவதாலும், கட்டு அவிழ்ந்தவுடன் மறைந்துவிடுவதாலும், இவ்வறிவுக்கு அகழாய்வுச் சான்றுகள் கிடைப்பது அரிது. எனவே ஹார்னெல் அளந்து வரைந்து வைத்த பதிவுகள் இன்று கடல்சார் வரலாற்று ஆய்வாளர்களுக்கு அடிப்படைச் சான்றுகளாக உள்ளன. முத்தின் தோற்றம் பற்றிய கருத்தும் கரையோர மக்களின் பிறப்பிடம் பற்றிய கருத்தும் நிலைக்கவில்லை. ஆனால் கட்டு, தையல், முடிச்சு ஆகியவற்றைப் பொறுமையோடு பார்த்து எழுதிய பகுதிகள் நிலைத்தன. எழுத்தில் இடம்பெறாத தங்கள் அறிவைச் செய்து காட்டிய மீனவர்களுக்கும் அப்பதிவுகளில் பங்கு உண்டு.